முதுகில் ஆலம்

சாயக் கூடாது. சாய்ந்தால் நாற்காலியில் விரித்திருக்கும் வெள்ளைத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். சாயாமல் விறைப்பாக இருந்தால் முதுகு வேர்த்து, ஊறி, இன்னும் அகலமாகப் பரவும். இடது தோள்பட்டைக்குக் கீழே ஈரமாக இருக்கிறது. பொட்டு அளவுதான் இருக்குமா, கை அகலத்துக்கு இழுபட்டிருக்குமா, தெரியவில்லை. தன் முதுகைத் தானே பார்க்க முடிந்தவன் எவன் இருக்கிறான். ஆலம். கல்யாண வீட்டில் ஆரத்தி சுற்றுவார்களே, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அதே சிவப்பு, கொஞ்சம் கெட்டியாக. காலையில் நானே கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடும்மா, நல்லா சிவக்கட்டும், கடைசி வரிசைக்கும் தெரியணும்" என்று சொன்னேன். சொன்னபடியே சிவந்தது. கருத்தரங்கின் நிறைவு விழா இது. எனக்கு வலப்பக்கம் கல்லூரி முதல்வர் அருள்தாஸ், கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார். இடப்பக்க நாற்காலி காலி. அதற்குரியவர், ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி, இன்றைய சிறப்பு விருந்தினர், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், விடுவதாக இல்லை. மேடையின் ஓரத்து நாற்காலியில் என் ஆய்வு மாணவி பிரம்மசக்தி, நன்றியுரைக்காகக் காத்திருக்கிறாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பவும் வேண்டாம். மேடைக்குக் கீழே, அரங்கின் நடுவே, அவளுடைய கம்பு தரையில் குறுக்காகக் கிடக்கிறது. எங்கே பார்த்தாலும் கண் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, என்கிறார் காவல்துறை அதிகாரி. கைதட்டுகிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் எனக்குப் பல் கூசியிருக்கும். உலகத்தில் எவன் எவனைக் குத்தினாலும் அந்தக் குத்து நம் ஊரிலிருந்துதான் கப்பலேறிப் போனது என்று சொல்ல ஆள் இருக்கும் துறை இது. வாய்க்கு வந்த நூற்றாண்டைச் சொல்லலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன். சான்று எங்கே? நடுகல்லா, கல்வெட்டா, பாளையக்காரர் போருக்குப் பிறகு ஆயுதத்தைத் தடை செய்த கம்பெனியின் உத்தரவா, ஏதாவது ஒரு கோர்ட்டுக் கட்டா? இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'சான்று'. சான்று வந்துட்டாரு, பீடியை அணைங்கடா. சான்று இன்னைக்கு லீவு. பேராசிரியர் தாணுமூர்த்தி என்று சொன்னால் இந்த வளாகத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. எனக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான். தப்பாக ஒன்றும் வைக்கவில்லையே, கேட்கிறவன் ஒருத்தனாவது வேண்டுமல்லவா என்று இருந்தேன். இன்று காலை வரைக்கும் இருந்தேன். அதிகாரி இப்போது சீனாவுக்குப் போய்விட்டார். போகட்டும், பேசட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அவர் முடித்தால் பொன்னாடை, பொன்னாடை முடிந்தால் என் ஏற்புரை, ஏற்புரைக்கு நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் துண்டு தெரியும். மைக் மேடையின் வலது முனையில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர இந்தக் கூட்டத்துக்கு முக்கால் முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டும். நண்டு மாதிரி நடந்தால் காட்டாமல் போகலாம். கம்பை விட்டுவிட்டு மேடை ஏறியபோது அப்படித்தான் நடந்தேன், சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ அடக்கத்தால் ஒதுங்கி வருகிறவன் போல. முதல்வர்கூட, "வாங்க சார், வாங்க சார், ஏன் கூச்சப்படுறீங்க" என்றார்.

நான் பேர் வாங்கியது ஒரே ஒரு கட்டுரையால். ஆலம்பொத்தையும் அதைச் சுற்றிய ஊர்களும் ஆடும் ஆலக்களம் பற்றியது. கம்பின் நுனியில் துணி சுற்றி, ஆலத்தில் தோய்த்து, இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை போட்டு நிற்பார்கள். அடிக்கிற ஆட்டமில்லை, தொடுகிற ஆட்டம். இதில் நடுவர் கிடையாது. விசில் கிடையாது. தொடுபட்டவன் தானே கம்பை ஊன்றி நின்று, "வாங்கினேன்" என்று களத்துக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்னால் ஆட்டம் முடிந்தது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போய்விடலாம். சொல்லாமல் மறுத்தால் தொட்டவன் சண்டைக்குப் போகக் கூடாது, மறுத்துப் பேசக் கூடாது, முதுகைக் காட்டச் சொல்லவும் கூடாது. தன் கம்பைத் தரையில் குறுக்கே வைத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விலகிவிட வேண்டும். கூட்டம் கலைவதற்குள் பொய் சொன்னவன் அந்தக் கம்பைத் தன் கையால் எடுத்து, களம் கேட்க "வாங்கினேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரி. இல்லையென்றால் தொட்டவர், ஆணோ பெண்ணோ, இனி ஆயுசுக்கும் அவனோடு கம்பு தொடுவதில்லை. ஆலம்பொத்தையின் பழைய ஆட்டக்காரர் கொம்பையா ஒரு சாயங்காலம் நெஞ்சில் சிவப்பு அடையாளத்தோடு என்னைக் கடைத்தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், "யாருகிட்ட?" என்று கேட்டார்கள். இவரும் வெட்கமில்லாமல் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். "சட்டைய மாத்திட்டு வந்திருக்கலாமே" என்றேன். "எதுக்கு மாத்தணும்? வாங்குனது வாங்குனதுதான. இப்ப மாத்துனாத்தான் சந்தேகப்படுவானுவ" என்று வெற்றிலைக் கடை முன்னால் நின்று சிரித்தார். அதை அப்படியே எழுதினேன். வீரக்கலைகளின் வரலாற்றை இதுவரை வென்றவர்களை வைத்தே எழுதிவிட்டோம், தோற்றவன் தன் வாயால் தோல்வியைச் சொல்லும் இந்தக் களமே அசல் வீரத்தின் களம் என்று முடித்தேன். எத்தனை ஊர்களுக்குக் கூப்பிட்டார்கள். எத்தனை பொன்னாடைகள். கம்பை வைத்துவிட்டு விலகும் விதியைப் பற்றி மட்டும், நான் சான்று அல்லவா, அடிக்குறிப்பு ஒன்று போட்டேன்: இவ்விதி நடைமுறைக்கு வந்ததற்குச் சான்று இல்லை. கேட்ட யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. "அப்படி ஒருத்தன் இருந்தா அவன் பேரு ஊர்ல இருக்குமா?" என்றார் கொம்பையா. அப்போது அதைப் பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று பிரம்மசக்தியோடு களம் ஆடிக் காட்ட வர வேண்டிய ஆட்டக்காரரின் பஸ் வழியில் நின்றுவிட்டது. அதுதான் ஆரம்பம். முதல்வர், "சார், நீங்களே நில்லுங்களேன், பசங்களும் பார்க்கட்டும்" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம், மூட்டு வலிக்கவும் செய்கிறது. எனக்குள்ளே ஒருத்தன் அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். வயசான காலத்தில் கொஞ்சம் கம்பு கற்றுக்கொண்டு, அதை எல்லா முன்னுரையிலும் எழுதிக்கொள்கிறவன் அவன். வெள்ளைச் சட்டை வேறு. "வெள்ளையா? எதையாவது கொட்டிக்கிட்டுத்தான் வருவீங்க" என்று காலையில் என் மனைவி சொன்னாள். இறங்கினேன். மைக்கை வாங்கி, நடுவர் கிடையாது என்பதைப் பெரிதாக விளக்கினேன். பிரம்மசக்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பகுதி நேரமாக என்னிடம் ஆய்வு செய்கிறாள், சின்ன வயசிலிருந்து ஆடுகிறவள். மெதுவாகத்தான் ஆடினாள், எனக்குக் கை கொடுத்து ஆடினாள். கூட்டம் ரசிக்கிறது என்று தெரிந்ததும் நான் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினேன், யார் சுற்றச் சொன்னது, அந்தத் திருப்பத்தில் முதுகு அவளுக்குக் கிடைத்துவிட்டது. வலிக்கவே இல்லை. ஈரவிரல் ஒன்று பட்டு எடுத்தது, அவ்வளவுதான். அவள் நின்றுவிட்டாள். கம்பை இறக்கி, நான் சொல்வதற்காகக் காத்து நின்றாள். அரங்கமும் சேர்ந்து நின்றது. ஒரு வார்த்தை. அதற்கு முந்தின நிமிஷம் மைக்கில் நானே ராகம் போட்டுச் சொல்லிக் காட்டிய வார்த்தை. "ஏம்மா நிக்கிற? ஆடு" என்றேன். "சார்..." என்றாள். "படலம்மா. வெறும் காத்துதான்" என்று சிரித்தேன். சிரித்ததுதான், சே, அந்தச் சிரிப்புதான். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போல, இவர் யார் என்று யோசிப்பது போல, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து கம்பைக் குறுக்கே வைத்து, தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விலகிப் போனாள். குருவுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்து அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் கை கூப்பினேன்.

ஏன் சொன்னேன்? பயமா? என்ன பயம், தோற்றிருந்தால் இன்னும் நன்றாகக் கைதட்டியிருப்பார்கள், பெரிய மனசு என்று நாளைக்குப் பேப்பரில்கூட வந்திருக்கும். ஆசையா? இவளை ஜெயித்து எனக்கு என்ன ஆகப் போகிறது. வாய் முந்திக்கொண்டது என்று சொல்லிப் பார்க்கிறேன். நிற்கவில்லை. வாய் முந்தியது முதலில் "ஆடு" என்றபோது. "காத்துதான்" என்று சொன்னபோது முதுகில் ஈரம் எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது. அதுதான் அறுக்கிறது. அவளுடைய ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும், அதை வைத்துக்கொண்டுதான் சிரித்தேன், மறுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் சிரித்தேன். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் புறப்புண் பற்றிப் பாடம் எடுக்கிறேன். முதுகில் புண் பட்டதற்கு நாணி வடக்கே பார்த்து உட்கார்ந்து, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உயிரை விட்ட அரசன் கதையைச் சொல்லும்போது என் குரலே மாறும், பெண் பிள்ளைகள் சிலர் கண் கலங்குவார்கள். நான் உட்கார்ந்திருப்பது கிழக்குப் பார்த்து. விழா முடிந்ததும் எல்லாருக்கும் கேசரியும் வடையும் உண்டு, நான்தான் ஏற்பாடு. யாராவது பார்த்தார்களா? அந்தத் திருப்பத்தில் என் முதுகு மேடைப் பக்கம் இருந்தது. முதல்வர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அதிகாரி பேச்சுக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பார். ஜன்னல் பக்கம் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், கொட்டாவியாகவும் இருக்கலாம். கொட்டாவிதான். கொட்டாவி என்பதற்குச் சான்று எங்கே? இப்படியே போனால் இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருப்பேன். எழுந்து சொல்லிவிடலாம். இப்போதே. இல்லை, ஒருவர் பேசும்போது எழுவது நாகரிகமில்லை. பாரேன், நாகரிகம் பார்க்கிறேன்.

அதிகாரி முடித்துவிட்டார். முடிக்க மாட்டார் என்று நம்பியிருந்தேன். பெயரைக் கூப்பிடுகிறார்கள், எழுகிறேன், துண்டு முதுகோடு கொஞ்சம் ஒட்டி வந்து பிரிவது தெரிகிறது, எப்போது சாய்ந்தேன், சாயக் கூடாது என்று இருந்தேனே. அதிகாரி எனக்கு எதிரே நின்று பொன்னாடையை விரிக்கிறார். அவர் கை என் தோளைச் சுற்றிப் பின்னால் போகிறது, துணி முதுகில் விழுகிறது, ஜரிகை சொரசொரவென்று இடது தோள்பட்டைக்குக் கீழே வந்து படிகிறது. மூடிவிட்டது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. காலையிலிருந்து இப்படி ஒரு நிம்மதி இல்லை. போட்டோக்காரர் சிரிக்கச் சொல்கிறார், சிரிப்பு தானாக வருகிறது, மனசார வருகிறது. இந்த நிம்மதிக்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம். பொய் சொன்னதற்குக்கூட அவ்வளவு வேண்டாம், இதற்கு அடிக்கலாம். மைக்கை நோக்கி நேராக, நிமிர்ந்து நடக்கிறேன், நண்டு நடை தேவைப்படவில்லை. மைக் முன்னால் நின்றால் கம்பு நேர் எதிரே கிடக்கிறது. நுனித் துணி காய்ந்து கருஞ்சிவப்பாகிவிட்டது. கூட்டம் இன்னும் கலையவில்லை. இதுதான் இடம், இதைவிட வசதியான இடம் கிடைக்காது, ஒலிபெருக்கி வேறு இருக்கிறது, இறங்கிப் போய் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவையோர்க்கு வணக்கம் என்கிறேன். நடுவரில்லாக் களம் என்கிறேன். கொம்பையாவைச் சொல்கிறேன், வெற்றிலைக் கடையைச் சொல்கிறேன், சட்டையை ஏன் மாற்றவில்லை என்பதைச் சொல்லும் இடத்தில் எப்போதும் போல ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன், எப்போதும் போல அரங்கம் அமைதியாகிறது. இப்போது சொல். வாங்கினேன். கை டம்ளருக்குப் போகிறது. தண்ணீர் குடிக்கிறேன். தண்ணீர் குடிக்கத் தலையைத் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தேன். பிரம்மசக்தி எழுந்து என் நாற்காலிக்கு வந்திருக்கிறாள். நினைவுப் பரிசுகளை நகர்த்தி வைப்பவள் போலக் குனிந்து, அந்தத் துண்டை எடுத்து, சிவப்பு உள்ளே போகும்படி மடித்து, மறுபடியும் சாய்மானத்தில் போட்டாள். அவசரமில்லை, பதற்றமில்லை. வீட்டில் யாரோ சிந்தியதைத் துடைப்பது போலச் செய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நான் நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் நன்றியுரை சொல்கிறாள். முதல்வருக்கு நன்றி. சிறப்பு விருந்தினருக்கு நன்றி. "என் நெறியாளர் பேராசிரியர் தாணுமூர்த்தி சாருக்கு நன்றி." ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி. நான்கும் ஒரே குரல். என் பெயரில் ஒரு முள் வைத்திருக்கலாம், வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கிடைக்கவில்லை. நாட்டுப்பண் என்கிறார்கள். எழுந்து நிற்கிறோம். இது முடிந்தால் கலைந்துவிடும். இப்போது நகரக் கூடாது, யாரும் நகரக் கூடாது, சட்டம் அப்படி. கையை விறைப்பாக வைத்துக்கொண்டு கம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கடைசி வரி முடிந்த நொடியில் இறங்கிவிட வேண்டும், ஓடிவிட வேண்டும், கூட்டம் திரும்புவதற்குள் கத்திவிட வேண்டும். கத்திவிடுவேன். கடைசி வரி முடிந்தது. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம் சார், அந்த வெத்தலக் கடை கத பிரமாதம்" என்கிறார். கையை விடவில்லை. நாற்காலிகள் நகர்கின்றன, வடை வாசனை வருகிறது, பிள்ளைகள் கம்பைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போகிறார்கள்.

நான் இறங்கிக் கம்பை எடுத்தபோது அரங்கத்தில் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். அவள் வாசலுக்குப் பக்கத்தில் பையில் ஏதோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கினேன்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"களம் கலைஞ்சு போச்சு, சார்."

கம்பை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. நான் நீட்டியபடியே நின்றேன். "நாளைக்குத் துறைக்கு வருவியாம்மா?" என்று கேட்டேன், கேட்க வேறு ஒன்றும் கிடைக்காமல்.

"வருவேன் சார். அத்தியாயத்தக் கொண்டுட்டு வருவேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அதுல ஒங்க அடிக்குறிப்பு ஒண்ண எடுத்துப் போட்டிருக்கேன்லா சார், சான்று இல்லைன்னு. அத என்ன செய்ய?"

யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தேன். வாய் முந்தவில்லை, இந்தத் தடவை அது எனக்காகக் காத்திருந்தது. "அது அப்படியே இருக்கட்டும்மா" என்றேன்.

"ஒங்க கட்டுரையில இருக்கட்டும் சார். என் அத்தியாயத்துல எடுத்திருதேன்."

தலையை ஆட்டினேன். ஆட்டினேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டடி போனவள் நின்று திரும்பினாள். "சட்டைக்கு சோப்பு போட்டுராதீங்க சார், மஞ்ச இன்னும் செவக்கும். நல்ல வெயில்ல காயப் போடுங்க. வெயில்ல போட்டாத்தான் போவும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கம்பை நாற்காலி அடுக்கின் மேல் சாய்த்து வைத்தேன். கார் நிற்கும் இடம் வரைக்கும் மரமே கிடையாது, உச்சி வெயில் தரையிலிருந்து கண்ணுக்கு ஏறியது. "சார், பொன்னாடையக் கழத்திருங்க, வேகுது பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதை முதுகோடு இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன்.